கல்லில் பதிந்த பெயர்

ஹொங்வூ எட்டாம் ஆண்டு, பத்தாம் மாதம், மூன்றாம் நாள்
நான்ஜிங், மேற்குப் படகுத்துறை

அக்காவுக்கு தெஹாய் எழுதுவது.

நான் ஊரை விட்டு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. நீ ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நீ சமைத்து வைத்த வாத்துக்கறியைத் தொடாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். ஆனால் பத்துவீட்டுத் தலைவர் டான் கிழவரிடம் போய், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "எங்க வீட்டுலேருந்து தம்பி போவான்" என்று பெயர் கொடுத்தவள் நீ. வீட்டுக்கு ஓர் ஆள் ஊழியத்துக்குப் போயே ஆக வேண்டும், உன் வீட்டுக்கார மாமாவுக்கோ இருமல். அதெல்லாம் எனக்கும் தெரியும். கேட்டிருந்தால் நானே சரியென்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒரு வருட ஊழியம் என்றார்கள். இப்போது அந்தப் பேச்சையே காணோம். சக்கரவர்த்தி பிறந்த ஊரில் எழுப்பிக்கொண்டிருந்த தலைநகரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். இனி எல்லாம் இங்கேதான். அங்கே இருந்த ஆட்களும் இங்கே வந்து குவிகிறார்கள். நகரத்தைச் சுற்றி எழுகிற சுவர் மலையைக் கண்டால் மலைமேல் ஏறுகிறது, ஏரியைக் கண்டால் கரையோடு போகிறது, வீட்டைக் கண்டால் வீட்டை இடிக்கிறது. பழைய குடிகளைத் தென்மேற்கு எல்லைக்குத் துரத்திவிட்டு, சுஜோ பக்கத்துப் பணக்காரக் குடும்பங்களைக் கூட்டம் கூட்டமாக நடத்தி வந்து அந்தத் தெருக்களில் குடியேற்றுகிறார்கள். அரண்மனை நிற்பது ஓர் ஏரியைத் தூர்த்த இடத்தில். பின்கட்டு இப்போதே இறங்குகிறதாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எனக்கு எழுத்து தெரியும், காதும் கூர்மை என்று கல் தட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். சுவருக்காகப் படகில் வரும் ஒவ்வொரு செங்கல்லையும் மெங் என்கிறவன் தூக்கி வைப்பான், நான் மரச் சுத்தியலால் தட்டுவேன். நன்றாக வெந்த கல் கணீர் என்னும். வேக்காடு பத்தாத கல் பொத்தென்னும். கல்லின் பக்கத்தில் மாவட்ட அதிகாரி, பத்துவீட்டுத் தலைவர், கல் அறுத்தவன் என்று பெயர்கள் இருக்குமே, அதை வாசிப்பதும் நான்தான். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பொத்தென்றால் பெயரை எழுதிக்கொண்டு படகைத் திருப்பி அனுப்புவார்கள். மறுபடியும் அப்படியே வந்தால் கல் அறுத்தவனைச் சங்கிலி போட்டு இங்கே இழுத்து வருவார்கள். போன மாதம் இரண்டு பேரை இழுத்து வந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பவில்லை.

மாமாவின் இருமல் நின்றதா? உன் மகள் ஷியூவுக்கு ஒரு களிமண் வாத்து அனுப்பியிருக்கிறேன். உடையாமல் வந்ததா என்று எழுது.

தெஹாய்


ஹொங்வூ எட்டாம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம், இருபத்துநான்காம் நாள்
யுவான்ஜோ

தெஹாய்,

படகோட்டி காவ் உன் கடிதத்தைக் கொண்டு வந்தபோது நான் சூளை வாயில் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தேன். கைக்கரி துடைக்காமலே பிரித்தேன், பாதி எழுத்து கரியாகிவிட்டது. மீதியைப் படித்தேன்.

உன் மாமாவின் இருமல் நின்றுவிட்டது. எட்டாம் மாதம் பதினொன்றாம் நாள் விடியற்காலையில் நின்றது. மூங்கில் தோப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்.

அப்போதே ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. வீம்புதான். உனக்கு இருக்கிற வீம்பு எனக்கு இருக்காதா, ஒரே வயிற்றில் பிறந்ததுகள்தானே. வாத்துக்கறியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அது அண்டை வீட்டில் கடன் வாங்கிய வாத்து. நீ தொடாமல் போனதும் நானும் தொடவில்லை, கடைசியில் டான் கிழவரின் நாய் தின்றது.

அங்கே அந்தத் தலைநகரை நிறுத்தினார்களே, அதன் வினை இங்கே வந்து விழுந்திருக்கிறது. வருடத்துக்கு மூன்று சூளை போட்ட வீடு இனி ஆறு போட வேண்டுமாம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள். இங்கே சோளப்பொரி நாங்கள்தான். பெண்பிள்ளை சூளை வாயில் நின்றால் தீட்டு என்று சொன்ன அதே வாய்கள், "எப்பம்மா கல்லு தயாராகும்?" என்று கேட்கின்றன.

மாமா போன பிறகு கல்லில் போடுகிற பெயருக்கு என்ன செய்வது என்று டான் கிழவரிடம் போய் நின்றேன்.

"செத்தவன் பேரு கல்லுல ஏறக்கூடாதும்மா. அரமணைச் சுவரு. உசுரோட இருக்கிற ஆம்பள பேருதான் வேணும்" என்றார்.

"எங்க வீட்டு ஆம்பள நான்ஜிங்ல கல்லு தட்டிக்கிட்டிருக்கான்."

"வீட்டு ஆளுங்க பேரு எழுதின குடிச்சீட்டுல அவன் பேரு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப அவன் இங்கதான் இருக்கான். போட்டுரு."

அப்பா புத்தக அச்சுப் பலகை செதுக்கும்போது நம் இருவர் கையிலும் உளியைக் கொடுத்து எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கப் பழக்கினாரே, அது கடைசியில் இதற்குத்தான் உதவியது. உன் பெயரை மர அச்சில் செதுக்கி இந்தச் சூளைக் கல் முழுவதிலும் அழுத்தியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வராதவன் பெயராவது வீட்டுக் களிமண்ணில் இருக்கட்டும். எப்படியும் அந்தக் கல் உன்னிடம்தானே வரப் போகிறது.

இன்று அடுப்புத் தெய்வம் வீட்டுச் செய்தி சொல்ல வானத்துக்குப் போகிற நாள். நம் வீட்டுக் கதையை அங்கே போய்ச் சொல்லிவிடாதே என்று அதன் படத்தின் வாயில் வெல்லப்பாகு தடவினேன். ஷியூ தடவியதைப் பாதி நக்கிவிட்டாள். வாத்துக்கு ஒரு இறக்கை உடைந்திருக்கிறது. அவளுக்கு அது தெரியவில்லை, எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறாள்.

யுன்னியாங்


ஹொங்வூ ஒன்பதாம் ஆண்டு, இரண்டாம் மாதம், பத்தொன்பதாம் நாள்
நான்ஜிங்

அக்கா,

மாமாவைப் பற்றிப் படித்துவிட்டுத் துறையின் கடைசிப் படியில் போய் உட்கார்ந்து அழுதேன். எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த மனிதர். ஒரு கைப்பிடி மண் போட நான் அங்கே இல்லை.

அழுது முடித்த மறுநாள் துறையில் உன் படகின் முறை வந்தது. முதல் கல்லைத் திருப்பினால் என் பெயர். உன் கைச் செதுக்கல், எங்கிருந்தாலும் அடையாளம் தெரியும். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். மெங்கிடம் காட்டினேன். "பார்றா! நான் இங்க நிக்கிறேன், எம் பேரு படகுல வருது!" என்றேன். அவனும் சிரித்தான். பிறகு தட்டினேன்.

பொத்தென்றது.

அடுத்ததும் அப்படித்தான். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். நடுவில் கருப்பு, பச்சைக் களிமண் வாசனை. நூற்றுக்கு எட்டோ ஒன்பதோ இருக்கும். மெங் என் முகத்தைப் பார்த்தான். கெட்டதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் நழுவவிட்டான். எண்ணிக்கை குறைந்ததற்கு, படகில் உடைந்தது என்று காவ் அடி வாங்கினான். அவனிடம் மன்னிப்புக் கேள்.

அக்கா, எனக்கு வருகிற கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அன்றும் கேட்காமல் பெயர் கொடுத்தாய். இன்றும் கேட்காமல் பெயர் கொடுக்கிறாய். என் பெயர் என்ன உன் வீட்டு உறியில் தொங்குகிற சட்டியா, வேண்டும்போது எடுக்க? இனிமேல் என் பெயரைப் போடாதே. போடுவதானால் இரண்டு நாள் கூடுதலாக எரித்துவிட்டுப் போடு.

தெஹாய்


ஹொங்வூ ஒன்பதாம் ஆண்டு, நான்காம் மாதம், ஏழாம் நாள்
யுவான்ஜோ

பட்டணத்துக்காரருக்கு,

இரண்டு நாள் கூடுதலாக எரிக்க வேண்டுமாம். எதை வைத்து? நம் மலையைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பெரிய மரமெல்லாம் உன் ஊர் அரண்மனைத் தூணுக்கு ஆற்றில் போய்விட்டது, சின்ன மரம் பக்கத்துச் சூளைகளுக்குப் போய்விட்டது. நல்ல களிமண் தீர்ந்து நெல் வயலைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். சூளை ஆறுவதற்குள் கல் கேட்டு ஆள் வருகிறான். ஒன்பது வயதுப் பிள்ளை வைக்கோல் சுமந்து தோள் புண்ணாகிக் கிடக்கிறது. நீ அங்கே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து என் கல்லுக்குக் குறை சொல்.

இந்தச் சூளை எரியும்போது மூன்றாம் நாள் மழை வந்தது. மேல்மூடி இடிந்து தண்ணீர் உள்ளே இறங்கியது. கல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும், நீ தட்டிச் சொல்ல வேண்டாம். மறுபடி போட வயலும் இல்லை, விறகும் இல்லை, நாளும் இல்லை. அனுப்புகிறேன்.

உன் பெயரைப் போடவில்லை. பயப்படாதே. உன் அச்சை அடுப்பில் போட்டேன், ஒரு குவளை வெந்நீர் காய்ந்தது. என் பெயரைச் செதுக்கியிருக்கிறேன். "கல் அறுத்தவள் பான் யுன்னியாங்". டான் கிழவருக்கு எழுத்து தெரியாது, நாலு வரிசை கோடு இருந்தால் தலையை ஆட்டுவார். அறுத்தவள் நான், எரித்தவள் நான், பெயர் மட்டும் எவனுடையதோவா? இனி உன் பெயர் உன்னிடமே பத்திரமாக இருக்கட்டும்.

யுன்னியாங்


ஹொங்வூ ஒன்பதாம் ஆண்டு, ஐந்தாம் மாதம், இரண்டாம் நாள்

அக்கா,

படகு வந்தது. பாதிக்குப் பாதி பொத்தென்றது.

திருப்பி அனுப்பினால் எழுத்தர் பெயரை எழுதுவார். ஒரு பெண்ணின் பெயர் சக்கரவர்த்தியின் சுவர்க் கல்லில்! அந்த இன்னொரு தலைநகரில் தச்சர்கள் கூரையில் சூனியம் வைத்தார்கள் என்று சொல்லி எத்தனை தலைகளை எடுத்தார்கள் என்று உனக்குத் தெரியுமா? இதையும் சூனியம் என்பார்கள். உன்னோடு நிற்காது, ஷியூவையும் சேர்த்துக்கொள்வார்கள். இத்தனை கல்லைத் தண்ணீரில் தள்ளவும் முடியாது.

அதனால் எல்லாம் நல்ல கல் என்று சொல்லிவிட்டேன். மெங்குக்கு எழுத்து தெரியாது, காது உண்டு. "ஏண்டா, நெசமாவா?" என்று மட்டும் கேட்டான். கிழக்கே சதுப்பு நிலத்தில் எழுப்புகிற சுவருக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த அச்சை எரித்துவிடு. கோபத்தில் எழுதினேன், தப்பு என்னுடையது. என் பெயரையே போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தெஹாய்


ஹொங்வூ ஒன்பதாம் ஆண்டு, ஏழாம் மாதம், பதினாறாம் நாள்
நான்ஜிங்

அக்கா,

இதைக் காவிடம் கொடுத்துவிட வழி கிடைத்திருக்கிறது. நிதானமாகப் படி. ஷியூ பக்கத்தில் இல்லாதபோது படி.

ஆறாம் மாதக் கடைசியில் ஒன்பது நாள் மழை. பத்தாம் நாள் சதுப்பு நிலத்துச் சுவர் வயிறு தள்ளியது, மதியம் விழுந்தது. சுவருக்குக் கீழே கஞ்சிக் கொட்டகை. சாந்தில் கலக்க அங்கே அரிசிக் கஞ்சி காய்ச்சுவார்கள். அக்கா, இங்கே மனிதனுக்கு ஒரு வேளைக் கஞ்சி, சுவருக்கு மூன்று வேளை. பசி பொறுக்காமல் வழித்து நக்கப் போவார்கள், காவல்காரர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். அன்று அப்படிப் போனவர்கள் இருபத்தொரு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். மெங்கும் போயிருந்தான். நான் வரவில்லை என்றதும், "உனக்கும் ஒரு குவளை கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். குவளையைப் பிடித்த கையோடு அவன் உடலை எடுத்தோம்.

மறுநாள் அதிகாரி வந்தார். அந்த நிலம் தூர்த்த சேறு என்பது ஊருக்கே தெரியும். மழையில் சாந்து பூசக் கூடாது என்று கொத்தனார்கள் கதறியதும் தெரியும். கஞ்சியில் பாதித் தண்ணீர் என்பதும் தெரியும். ஆனால் சேற்றில் யார் பெயரும் இல்லை. சாந்தில் யார் பெயரும் இல்லை. கல்லில் மட்டும்தான் பெயர் இருக்கிறது. தட்டிப் பார்த்தவன் பெயர்கூட இல்லை. உடைந்த கல்லை எல்லாம் பொறுக்கிப் பெயர் வாசியுங்கள் என்றார்கள். வாசிக்கத் தெரிந்த கூலியாள் யார்? நான்.

இடிபாட்டின் மேல் நின்று வாசித்தேன். எழுத்தர் குடைக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து எழுதினார். முழுசாகக் கிடந்ததை விட்டுவிட்டு, உள்ளே கறுத்து உடைந்ததை மட்டும் கொடுத்தார்கள். ஐந்தாவது கல்லில் உன் பெயர்.

"என்னடா நின்னுட்ட? படி!" என்றார் எழுத்தர்.

உண்மையைச் சொல்கிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அதற்கு முந்தின கல்லில் இருந்த ஹோ என்கிறவனின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் நீயும் தப்பித்திருப்பாய், நானும் தப்பித்திருப்பேன். அவனை எனக்கு யாரென்றே தெரியாது. தெரியாதவனைச் சாகக் கொடுப்பது எத்தனை சுலபம் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்தது. அவனுக்கும் ஓர் அக்கா இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"யுவான்ஜோ, கல் அறுத்தவன் பான் தெஹாய்" என்று உரக்கச் சொன்னேன்.

ஒவ்வொரு கல்லுக்கும் சொன்னேன். முப்பத்தேழு முறை. வாசித்த கல்லை எல்லாம் உடைத்து அடித்தளத்துக் குழியில் போடச் சொன்னார்கள். உன் பெயர் இருந்த பக்கத்தை நானே சுத்தியலால் தூளாக்கினேன், ஒன்று விடாமல். பிறகு எழுத்தரிடம் போய், "அந்த தெஹாய் நான்தாங்க" என்றேன். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பைத்தியமாடா உனக்கு? யுவான்ஜோவுக்கு ஆள் அனுப்பித் தேடியிருப்பாங்க. ரெண்டு மாசம் கெடச்சிருக்கும்" என்றார். அந்த இரண்டு மாதம் எனக்கு வேண்டாம், அக்கா. தேடி வருகிறவர்கள் உன் சூளை வாசலில் வந்து நிற்பார்கள். அங்கே நீ கையில் உளியோடு நிற்பாய்.

டான் கிழவர் பெயரும் கல்லில் இருக்கிறது. அவருக்குத் தடியடியோடு போய்விடும் என்கிறார்கள். எனக்கு இலையுதிர் காலத் தீர்ப்பு. கழுத்தை வெட்டுவதா, எல்லைக்குத் துரத்துவதா என்று அப்போதுதான் தெரியும்.

அன்றைக்கு என் பெயரை நீ கொடுத்தாய். இந்த முறை நானே கொடுத்தேன். கணக்கு நேராகிவிட்டது, உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த வாத்துக்கறியைத் தின்றுவிட்டே வந்திருக்கலாம்.

தெஹாய்


ஹொங்வூ ஒன்பதாம் ஆண்டு, பத்தாம் மாதம், இருபதாம் நாள்
யுவான்ஜோ

தெஹாய்,

இந்தக் கடிதத்தை வாங்கக் காவ் முதலில் கை நீட்டவில்லை. "யாருகிட்ட கொடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டான். துறையில் கல் தட்டுகிறவர்களிடம் கொடு என்றேன்.

உன் கடிதம் வந்து சரியாக ஒரு மாதம் கழித்து மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. "யுவான்ஜோ, பான் தெஹாய், சட்டப்படி தண்டிக்கப்பட்டான். அந்த வீட்டுக் கல் பாக்கி தொடர்கிறது." அவ்வளவுதான் இருந்தது. கழுத்து என்றும் இல்லை, எல்லை என்றும் இல்லை. மாவட்ட அலுவலகத்துக்கு நடந்தே போய்க் கேட்டேன். "அதெல்லாம் எங்களுக்கு வராதும்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

டான் கிழவர் முப்பது அடி வாங்கிக் குப்புறப் படுத்திருக்கிறார். அப்படிப் படுத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"குடிச்சீட்டுல தம்பி பேர அடிச்சிரும்மா. செத்தவன் பேரு கல்லுல ஏறக்கூடாது. புதுசா யாரு பேரப் போடறதுன்னு பாப்போம்" என்றார்.

"செத்துட்டான்னு ஓலையில எங்க இருக்கு? காட்டுங்க" என்றேன்.

அவர் ஓலையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நான் முழுவதும் வாசித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கிழவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். பிறகு, "அப்ப உசுரோடதான் இருக்கான். போட்டுரு" என்றார்.

போட்டுவிட்டேன், தம்பி. என் அச்சை நெருப்பில் போட்டேன். உன் பெயரைப் புதிதாகச் செதுக்கினேன், ஆழமாக. விறகுக்குக் கதவைக் கழற்றினேன், தறியை உடைத்தேன், மாமா படுத்திருந்த கட்டிலைப் போட்டேன். அதுவும் பத்தாமல் பின்கட்டுக் கூரை மரத்தை இறக்கினேன். நீ சொன்ன அந்த இரண்டு நாள் கூடுதலாக எரித்தேன். இப்போது நானும் ஷியூவும் சூளைச் சுவரை ஒட்டிப் படுத்துக்கொள்கிறோம், இன்னும் சூடு இருக்கிறது. கூரை இல்லை என்று ஊர் சிரிக்கிறது. ஊர் வாய்க்கு மூடி போட முடியுமா, சிரிக்கட்டும்.

உன்னை அன்று கேட்காமல் கொடுத்தேன். கேட்டிருந்தால் நீ சரி என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. நீ "போறேங்க்கா" என்று சொல்கிற முகத்தைப் பார்த்தால் நான் உன்னை விட்டிருக்க மாட்டேன். இதை உன்னிடம் சொல்ல இரண்டு வருடமாக வாய் வரவில்லை.

கல் ஒவ்வொன்றையும் ஷியூ தட்டிப் பார்த்தாள். உன் காது அவளுக்கு. ஆயிரத்தில் ஒன்றுகூடப் பொத்தென்னவில்லை. இந்தக் கல் உடையாது, இதைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். டான் கிழவரின் சட்டப்படி, இந்தப் பெயர் கல்லில் ஏறுகிறவரை நீ உயிரோடு இருக்கிறாய். வருடத்துக்கு ஆறு சூளை. நான் நிறுத்தப் போவதில்லை.

துறையில் இப்போது சுத்தியல் பிடித்திருக்கிறவன் யாரோ, அவன் இதைப் படித்தால்: தம்பி, உனக்கு யார் பெயர் என்று தெரிய வேண்டாம். ஒருமுறை தட்டிக் கேள், போதும்.

யுன்னியாங்